பந்தயத்தை அனுமதிப்பது வேறு, கூவி அழைப்பது வேறு: விளையாட்டுப் பந்தயச் சட்டமும் விளம்பரமும்

கோல்கம்பம் (இழையைத் தொடங்கியவர்)

விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கலாமா கூடாதா என்று பேச ஆரம்பித்தாலே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தன் காசில் பந்தயம் கட்டுகிற ஒருவரைப் போலீஸ் பிடிக்க வேண்டுமா என்பது ஒரு கேள்வி. பந்தயத்தைப் பற்றி நினைத்தே பார்க்காத ஆயிரம் பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கட்ட வைக்க ஒரு கம்பெனிக்கு உரிமை தர வேண்டுமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு என் பதில்: பிடிக்க வேண்டாம். இரண்டாவதற்கு: அந்த உரிமை கூடவே கூடாது. இது முரண்பாடு என்று சிலர் சொல்கிறார்கள். முரண்பாடே இல்லை. ஒரு நாடு கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு இப்படித்தான் நடத்தியது.

பிரிட்டனில் 1960-ல் சட்டம் இயற்றி, 1961 மே 1 முதல் பந்தயக் கடைகளைத் திறக்க விட்டார்கள். அதுவரை தெருவில் ஆள் வைத்துப் பந்தயப் பணம் வசூலிக்கும் புக்கிகளின் ராஜ்ஜியம். கடையை அனுமதித்த அதே அரசு, கடை ஆளை இழுக்கக் கூடாது என்பதில் கறாராக இருந்தது. உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியக் கூடாது. டிவி கிடையாது, சாய்ந்து உட்கார வசதியான நாற்காலி கிடையாது, குடிக்கச் சூடாக எதுவும் கிடையாது. இவையெல்லாம் தளர்ந்தது 1986-ல்தான். ஏற்கெனவே கட்டுகிறவர் கட்டட்டும், புதிதாக ஆசையைக் கிளப்பாதே என்பதுதான் கொள்கை. பிறகு 2005-ல் புதிய சூதாட்டச் சட்டம் வந்தது. அது 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்ததும் டிவி விளம்பரம் வந்தது, அதன் பிறகு எங்கே பார்த்தாலும் பந்தய விளம்பரம்தான்.

பந்தயம் சட்டபூர்வமானதால் வந்த கேடு என்று நாம் திட்டுவதில் பெரும்பங்கு, விளம்பரத்தைத் திறந்துவிட்டதால் வந்த கேடு. இதில் உங்கள் கருத்து என்ன?

தடுப்பாட்டம்

அண்ணே, கேட்க நல்லா இருக்கு. ஆனா 1961-ல பந்தயம் கட்ட வீட்டை விட்டு வெளியே போகணும், கடை சாத்தினா அவ்வளவுதான். இப்போ கடை சட்டைப்பையில இருக்கு, ராத்திரி மூணு மணிக்கும் திறந்திருக்கு. ஜன்னலை மறைச்ச கதையெல்லாம் இதுக்குப் பொருந்தாது. முழுசாத் தடை பண்றதுதான் ஒரே வழி. இந்தியாவுல 2025 ஆகஸ்ட்ல அதைத்தான் பண்ணாங்க. பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம் மொத்தத்துக்கும் தடை. நடத்தினா மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் பண்ணினா ரெண்டு வருஷம் வரை ஜெயில், 50 லட்சம் வரை அபராதம். இந்திய கிரிக்கெட் அணி ஜெர்ஸியில இருந்த ஆன்லைன் ஆட்டக் கம்பெனி பேரே மாறிடுச்சு.

கோல்கம்பம்

நீங்கள் சொன்ன சட்டத்திலேயே ஒன்றைக் கவனியுங்கள் தம்பி. நடத்துபவருக்குத் தண்டனை, விளம்பரம் செய்பவருக்குத் தண்டனை, ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அவரை அந்தச் சட்டம் பாதிக்கப்பட்டவராகத்தான் பார்க்கிறது. கட்டுகிறவரையும் கட்ட வைக்கிறவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதில் நாம் இருவரும் ஒரே பக்கம்தான்.

சட்டப்புத்தகம்

கோல்கம்பம் சார் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பது மிக முக்கியம். முதலில் அனுமதி, விளம்பரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போனவர்கள் எல்லாரும் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கக் கூடாது என்று 1992-ல் ஒரு மத்தியச் சட்டம் இருந்தது. நியூ ஜெர்சி தொடர்ந்து வழக்காடி, 2018 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சில ஆண்டுகளுக்குள் 38 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் அனுமதித்துவிட்டன. இப்போது விளம்பரத்தை அடக்க நினைத்தால் பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் குறுக்கே நிற்கிறது. சூதாட்டம் சட்டபூர்வமாக உள்ள இடத்தில் கேசினோ விளம்பரத்தை ஒலிபரப்பத் தடை போட முடியாது என்று 1999-லேயே அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தொழில் சட்டபூர்வம் என்றால் அதைப் பற்றிய உண்மையான விளம்பரமும் பாதுகாக்கப்பட்ட பேச்சு என்பது அங்கே வாதம்.

ஸ்பெயினில் வேறு விதமான அடி. 2020 நவம்பரில் அரச ஆணை ஒன்றைப் போட்டார்கள். டிவி விளம்பரம் இரவு 1 மணி முதல் 5 மணி வரை மட்டும், ஜெர்ஸியில் பந்தயக் கம்பெனிப் பெயர் கூடாது, பிரபலங்கள் கூடாது, புதிய வாடிக்கையாளருக்குச் சலுகை கூடாது. படிக்கும்போது மனம் குளிரும். ஆனால் 2024 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பிரபலங்கள், புதிய வாடிக்கையாளர் சலுகை உள்ளிட்ட சில பிரிவுகளை ரத்து செய்தது. தடை தவறு என்பதற்காக இல்லை. இவ்வளவு பெரிய கட்டுப்பாட்டை நாடாளுமன்றச் சட்டமாகப் போட வேண்டும், வெறும் ஆணையாகப் போட்டது செல்லாது என்பதற்காக.

எனவே என் நிலைப்பாடு: உரிமம் தரும் சட்டத்துக்குள்ளேயே விளம்பரத் தடை இருக்க வேண்டும். உரிமத்தின் நிபந்தனையாகவே இருக்க வேண்டும். பின்னால் ஒட்டுப்போடலாம் என்று நினைத்தால் நடக்காது.

மூன்றாம்நடுவர்

எல்லாரும் தடை, தடை என்கிறீர்கள். சட்டபூர்வமான சந்தை ஒரு காரியம் செய்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 2024-ல் என்பிஏ கூடைப்பந்து வீரர் ஜான்டே போர்ட்டருக்கு ஆயுள் தடை விதித்தார்கள். தன் உடல்நிலை பற்றிப் பந்தயக்காரர்களுக்குத் துப்புக் கொடுத்தார், பாதி ஆட்டத்தில் வெளியேறினார். எப்படிப் பிடிபட்டார்? அதிகம் பேசப்படாத அந்த வீரர் குறைவாகவே ஆடுவார் என்று திடீரென்று பெரிய தொகை விழுந்தது உரிமம் பெற்ற கம்பெனியின் கணக்கில் பதிவானது. எச்சரிக்கை போனது.

அதே ஆண்டு பேஸ்பால் நட்சத்திரம் ஓடானியின் மொழிபெயர்ப்பாளர் விவகாரம். அவர் ஓடானியின் கணக்கிலிருந்து ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் டாலர் எடுத்துவிட்டார். பணம் போனது கலிஃபோர்னியாவில் சட்டவிரோதமாகத் தொழில் செய்த புக்கிக்கு. அந்த மாநிலத்தில் விளையாட்டுப் பந்தயம் அனுமதிக்கப்படவில்லை. சட்டவிரோத புக்கி கடன் கொடுத்துக்கொண்டே போவான், வரம்பு வைக்க மாட்டான், யாருக்கும் தகவல் சொல்ல மாட்டான். கிரிக்கெட்டில் 2000-ல் புக்கிகளிடம் பணம் வாங்கிய தென்னாப்பிரிக்க கேப்டன் ஹன்சி குரோனியே, 2010-ல் லார்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் வீரர்கள் பணத்துக்காக வேண்டுமென்றே நோ-பால் போட்ட விவகாரம், எல்லாமே இருட்டில் நடந்த சூதாட்டத்தோடு பிணைந்தவைதான். 2016-ல் இந்திய கிரிக்கெட் நிர்வாகத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கலாம் என்று பரிந்துரைத்ததும் இந்தக் காரணத்தை வைத்துத்தான்.

விளம்பரத்தை அடியோடு நிறுத்தினால், உரிமம் உள்ளவன் யார், இல்லாதவன் யார் என்று மக்களுக்கு எப்படித் தெரியும்?

எண்கணக்கு

மூன்றாம்நடுவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் இப்போது வரும் விளம்பரங்கள் எதுவும் 'நாங்கள் உரிமம் பெற்றவர்கள்' என்று சொல்ல வரவில்லை. அவை எதை விற்கின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

சமபலமுள்ள இரண்டு அணிகள் மோதுகின்றன. நியாயமான ஆட்ஸ் (odds, அதாவது ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் கைக்கு வரும் மொத்தத் தொகை) ஆளுக்கு 2.00. கம்பெனி தருவது ஆளுக்கு 1.90. 100-ஐ இந்த 1.90-ஆல் வகுத்து, ஜெயிக்கும் வாய்ப்பின் சதவீதமாக மாற்றினால் 52.6. இரண்டு பக்கத்தையும் கூட்டினால் 105-க்கு மேல். அந்த அதிகப்படிதான் கம்பெனியின் பங்கு. 100 கட்டினால் நீண்ட கால சராசரியில் 95 திரும்பி வரும்.

இப்போது இதே மாதிரி நான்கு ஆட்டங்களைக் கோத்து ஒரே பந்தயமாகக் கட்டுங்கள். நான்கும் ஜெயித்தால்தான் பணம். 1.90-ஐ நான்கு முறை பெருக்கினால் 13.03. நியாயமாகக் கிடைக்க வேண்டியது 16. அதாவது 100 கட்டினால் சராசரியாகத் திரும்புவது 81 சொச்சம். ஒற்றைப் பந்தயத்தில் நூற்றுக்கு ஐந்து எடுத்த கம்பெனி இதில் பதினெட்டரை எடுக்கிறது.

எந்தப் பந்தயத்தை விளம்பரத்தில் காட்டுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். கோத்துக் கட்டுவதைத்தான். 'சின்னத் தொகை, பதிமூன்று மடங்கு' என்று கொட்டை எழுத்தில் வரும். நூற்றுக்குப் பதினெட்டரை போகும் என்று எங்கேயும் வராது. ஒரே ஆட்டத்துக்குள் யார் கோல் அடிப்பார், எத்தனை கார்னர் கிக் என்று கோக்கிற பந்தயத்தில் உண்மையான ஆட்ஸ் எவ்வளவு என்பதைச் சாதாரணமாக ஒருவர் கணக்கிடவே முடியாது. அங்கேதான் லாபம், அதனால் அங்கேதான் விளம்பரம்.

இன்னொன்று. கணக்குத் தெரிந்து தொடர்ந்து ஜெயிக்கிற ஆளைப் பல கம்பெனிகள் வைத்துக்கொள்வதில்லை. அவர் கட்டக்கூடிய தொகையைச் சில்லறை அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். தோற்கிறவருக்கு மட்டும் சிவப்புக் கம்பளம். 'திறமை இருந்தால் ஜெயிக்கலாம்' என்று விளம்பரம் செய்பவர்கள் இவர்கள்தான்.

மைதானவாசி

கிளப் நிலைமையையும் பாருங்க. பெரிய அணிக்கு எந்த ஸ்பான்சரும் வருவான். பட்டியல்ல கீழே கிடக்கிற அணிக்குப் பந்தயக் கம்பெனி கொடுக்கிற அளவுக்கு வேற யாரும் கொடுக்கிறதில்ல. திடீர்னு நிறுத்தினா வீரர் சம்பளமே இடிக்கும். அதனாலதான் இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து கிளப்கள் பந்தயக் கம்பெனி பேரை ஜெர்ஸியில இருந்து எடுத்துடறதுன்னு 2023 ஏப்ரல்ல முடிவெடுத்தும், 2025-26 சீசன் முடியிற வரை அவகாசம் வாங்கிக்கிட்டாங்க. அதுவும் ஜெர்ஸியோட முன்பக்கம் மட்டும். கைப்பகுதி இருக்கு, மைதானத்தைச் சுத்தி ஓடுற எல்இடி பலகை இருக்கு.

நெதர்லாந்து இதைப் படிப்படியா செஞ்சது எனக்குப் பிடிச்சிருக்கு. 2021 அக்டோபர்ல ஆன்லைன் சந்தையைத் திறந்தாங்க, விளம்பரம் வெள்ளமா வந்துச்சு. 2022-ல பிரபலங்களுக்குத் தடை. 2023 ஜூலையில டிவி, ரேடியோ, தெருப்பலகை எல்லாத்துக்கும் தடை. 2025 ஜூலையில விளையாட்டு ஸ்பான்சர்ஷிப்புக்கும் தடை. பெல்ஜியமும் கிளப்களுக்கு 2028 வரைக்கும் அவகாசம் கொடுத்திருக்கு. கிளப்புக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தா நானும் தடைக்கு ஆதரவுதான்.

தடுப்பாட்டம்

மைதானவாசி, இத்தாலிக் கதையைச் சொல்லாம விட்டுட்டீங்களே. 2018-ல சட்டம் போட்டு 2019-ல விளம்பரத்துக்கும் ஸ்பான்சருக்கும் மொத்தத் தடை. என்ன ஆச்சு? பந்தயக் கம்பெனி பேரோட ஒரு வாலைச் சேர்த்து 'விளையாட்டுச் செய்தித் தளம்'னு ஒண்ணைத் திறந்து, அந்தப் பேரை ஜெர்ஸியில போட்டாங்க. ஆட்டம் பார்க்கிறவன் கண்ணுக்கு அதே பேரு, அதே கலரு. இந்தியாவுலயும் 2022-ல ஒளிபரப்பு அமைச்சகம் இதையே சொல்லித்தான் டிவி சேனல்களுக்கு எச்சரிக்கை விட்டுச்சு. செய்தித் தளம்ங்கிற போர்வையில பந்தய விளம்பரம். கொஞ்சம் இடம் விட்டாப் போதும், உள்ளே வந்துடுவாங்க.

பெயர்வேண்டாம்

டிவி, ஜெர்ஸின்னே பேசிட்டு இருக்கோம். நான் அந்தத் தொழிலோட விளம்பரப் பக்கத்துல சில வருஷம் வேலை பார்த்தவன். கம்பெனி பேரு வேண்டாம். பணம் எங்கே வேலை செய்யுதுன்னு சொல்றேன்.

அஃபிலியேட்னு ஒரு ஏற்பாடு. ஒருத்தருக்கு ஒரு லிங்க் கொடுப்பாங்க. அந்த லிங்க் வழியா யாராவது கணக்குத் திறந்து டெபாசிட் போட்டா அவருக்குக் காசு. தலைக்கு இவ்வளவுன்னு ஒரே தடவை வாங்கிக்கலாம். இல்லைன்னா அந்த ஆள் தோற்கிற பணத்துல சதவீதமா, அவர் ஆடுற வரைக்கும் மாசாமாசம் வாங்கிக்கலாம். டெலிகிராம்ல டிப்ஸ் கொடுக்கிறவங்க இந்த ரெண்டாவதைத்தான் விரும்புவாங்க. 'கண்ணை மூடிட்டு இந்த டீம் மேல கட்டுங்க'ன்னு உங்களுக்குச் சொல்றவருக்கு, நீங்க தோத்தாத்தான் வருமானம். இதைத் தெரிஞ்சுகிட்டு அந்த சேனல்ல யாராவது இருப்பாங்களா? இருக்கிறவங்களுக்குத் தெரியாது.

ஒரே ஆள் ரெண்டு சேனல் வச்சிருப்பார். ஒண்ணுல இந்த அணி, அடுத்ததுல எதிரணி. ஆட்டம் முடிஞ்சதும் ஜெயிச்ச சேனல்ல ஸ்க்ரீன்ஷாட் மழை. தோத்த சேனல்ல பதிவு அழிஞ்சிருக்கும்.

கம்பெனியோட திரையில பெயர்ப் பட்டியல் இருக்கும். யார் எப்போ டெபாசிட் போட்டார், எந்த அணி பிடிக்கும், எத்தனை நாளா ஆளைக் காணோம், எல்லாம் வரிசையா. ரெண்டு வாரமா சத்தமில்லாம இருக்கிறவங்களைத் தனியாப் பிரிச்சு, அவங்க அணி ஆடுற நாளுக்கு முந்தின சாயங்காலம் 'உங்களுக்காக ஒரு ஃப்ரீ பெட்', அதாவது இலவசப் பந்தயம்னு அனுப்புவோம். அந்த ரெண்டு வாரத்துல அந்த ஆள் விட்டுடணும்னு முயற்சி பண்ணிட்டு இருந்திருக்கலாம். பட்டியலுக்கு அது தெரியாது, கேட்கவும் கேட்காது. ஃப்ரீ பெட்ல ஜெயிச்சா லாபம் மட்டும் வரும், பந்தயத் தொகை வராது. சில இடத்துல அந்த லாபத்தையும் இத்தனை தடவை திரும்பக் கட்டின பிறகுதான் வெளியே எடுக்க முடியும்.

ஜெர்ஸியில பேரு போடறதைத் தடுத்தா அந்தப் பணம் முழுக்க இந்தப் பக்கம் திரும்பும். அது வெளியே யார் கண்ணுக்கும் படாது. சட்டம் எழுதுறவங்க முதல்ல கை வைக்க வேண்டிய இடம் இது.

அக்காள்

நான் பொதுவாக இங்கே எழுதுவதில்லை. பெயர்வேண்டாம் எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தம்பி விட்டுவிட முயல்கிறவன். நாங்கள் இருக்கும் நாட்டில் சுயவிலக்குப் பட்டியல் உண்டு. பெயரைப் பதிந்தால் உரிமம் பெற்ற எந்தத் தளமும் அவனுக்குக் கணக்குத் தராது. தானே போய்ப் பதிந்தான். செயலிகள் போய்விட்டன. ஆனால் அவனுக்குப் பிடித்த ஆட்டத்திலிருந்து பந்தயம் போகவில்லை. வீரரின் நெஞ்சில் இருக்கிறது, பலகையில் ஓடுகிறது, இடைவேளையில் வர்ணனையாளர் ஆட்ஸ் வாசிக்கிறார். கைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுப் பார்த்தான், சத்தத்திலும் அதுவே வந்தது. இப்போது ஆட்டம் பார்ப்பதையே நிறுத்திவிட்டான். முடிந்ததும் ஸ்கோரை நான் அனுப்புகிறேன். ஹைலைட்ஸ் அனுப்பாதே, அதற்கு முன்னாலும் விளம்பரம் வருகிறது என்றான்.

சிறு வயதிலிருந்து அந்த அணிக்காக உயிரை விட்டவன். சூதாட்டத்தை விடுவதற்கு அவன் விளையாட்டையே விட வேண்டியிருக்கிறது. 'பொறுப்புடன் ஆடுங்கள்' என்று விளம்பரத்தின் அடியில் ஓடும் பொடி எழுத்தைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பொறுப்பாக நடந்துகொண்டவன் அவன்தான்.

தடுப்பாட்டம் தம்பி, முழுத் தடை வந்தால் இவன் தப்பித்துவிடுவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பட்டியலில் பெயர் சேர்த்த பிறகு உரிமம் இல்லாத ஒரு தளத்திலிருந்து அவனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. சுயவிலக்குக்கு உட்படாத தளம் என்பதையே பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

தடுப்பாட்டம்

அக்கா, படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். தம்பி மீண்டு வரணும். முழுத் தடைதான் சரின்னு இன்னும் நினைக்கிறேன், அதுல மாறல. ஆனா தடை போட்டாலும் அந்தக் குறுஞ்செய்தியை நிறுத்தத் தனியா வேலை செய்யணும்னு ஒத்துக்கிறேன். தளத்தை முடக்கினா நாளைக்கே வேற பேர்ல வருவான். பணம் போற வழியை அடைக்கணும். பேங்க், யுபிஐ, கார்டு, இங்கேதான் பிடி இருக்கு.

கோல்கம்பம்

அக்கா, உங்கள் பதிவுக்கு நன்றி. நான் தொடங்கிய வாதத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் என்னிடம் இல்லை.

ஆஸ்திரேலியாவில் இதே விஷயத்தை நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது. பீட்டா மர்ஃபி தலைமையில் 2023 ஜூனில் வந்த அறிக்கையில் 31 பரிந்துரைகள், எல்லாக் கட்சியினரும் ஒப்புக்கொண்டவை. அதில் முக்கியமானது, ஆன்லைன் சூதாட்ட விளம்பரத்தை மூன்று ஆண்டுகளில் படிப்படியாக முழுவதும் நிறுத்துவது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் புற்றுநோயால் இறந்துபோனார். அந்த மூன்றாண்டுத் திட்டத்தை அரசு அப்படியே கையில் எடுக்கவில்லை. இதற்கு முன்பே, 2018-லேயே, காலை 5 மணி முதல் இரவு 8.30 வரை நேரலை ஆட்டத்தின்போது பந்தய விளம்பரம் கூடாது என்று விதி உண்டு. பிரிட்டனிலும் 2019-ல் கம்பெனிகளே முன்வந்து, ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் முன்னிருந்து முடிந்த ஐந்து நிமிடம் வரை, இரவு 9 மணிக்கு முன் விளம்பரம் இல்லை என்று அறிவித்தார்கள். விளம்பர இடைவேளை சுத்தமாகிவிட்டது, ஆட்டம் சுத்தமாகவில்லை. ஜெர்ஸியும் பலகையும் தொண்ணூறு நிமிடமும் திரையில்தானே இருக்கின்றன.

சட்டப்புத்தகம் சொன்ன வரிசைக்கு இன்னொரு சாட்சி பிரேசில். 2018-ல் பந்தயத்தை அனுமதிக்கச் சட்டம் போட்டார்கள், ஒழுங்குவிதிகளைப் போடாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டார்கள். முறையான உரிமச் சந்தை தொடங்கியது 2025 ஜனவரி 1-ல்தான். இடைப்பட்ட காலத்தில் கால்பந்து கிளப்களின் ஜெர்ஸி முழுக்கப் பந்தயக் கம்பெனிகள். ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவித்தொகையைப் பெறுகிறவர்கள் 2024 ஆகஸ்ட் ஒரு மாதத்தில் மட்டும் 300 கோடி பிரேசில் ரெயால் பந்தயக் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள் என்று அந்நாட்டு மத்திய வங்கியே கணக்கிட்டது.

மூன்றாம்நடுவருக்கு: உரிமம் உள்ளவர்களின் பட்டியலை ஒழுங்குமுறை ஆணையம் தன் தளத்தில் வெளியிடட்டும், தேடிப் போகிறவருக்கு அது போதும். தேடாதவரைத் தேடி வருவதற்குத்தான் விளம்பரம்.

மூன்றாம்நடுவர்

பட்டியல் யோசனையை ஏற்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். அக்கா சொன்ன மாதிரி வர்ணனையாளர் ஆட்ஸ் வாசிப்பதை என்னவென்று எடுத்துக்கொள்வது? செய்தி என்றுதானே சேனல் சொல்லும்? ஆட்டத்துக்கு முந்தைய அலசலில் 'இந்த அணிக்கு வாய்ப்பு அதிகம்' என்பதைத் தடுக்க முடியாதே.

சட்டப்புத்தகம்

அலசலைத் தடுக்க வேண்டாம். இரண்டு சோதனை போதும். அந்த எண் பந்தயக் கம்பெனியின் விலையா? சேனலுக்கோ வர்ணனையாளருக்கோ அந்தக் கம்பெனியிலிருந்து ஏதாவது வழியில் பணம் வருகிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் விளம்பரம்தான். 'இந்த அணிக்கு அறுபது சதவீத வாய்ப்பு' என்று தன் கணிப்பைச் சொல்லட்டும், பேச்சுரிமை. 'இந்தச் செயலியில் 1.65 கிடைக்கிறது' என்பது விலைப்பட்டியல்.

பெயர்வேண்டாம் சொன்ன அஃபிலியேட் விஷயத்துக்கும் சட்டத்தில் ஒரு வரி எழுதலாம்: வாடிக்கையாளரின் நஷ்டத்தில் பங்கு தரும் எந்த ஒப்பந்தமும் செல்லாது, அந்த ஒப்பந்தம் போட்ட கம்பெனியின் உரிமம் ரத்து. டிப்ஸ் சேனல் நடத்துபவரை ஒவ்வொருவராகத் துரத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அக்காவின் தம்பிக்கு வந்தது போன்ற குறுஞ்செய்திக்கு, உரிமம் உள்ள கம்பெனி என்றால், வாடிக்கையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் எந்தச் சலுகையும் அனுப்பக் கூடாது, சம்மதமும் ஆண்டுக்கு ஒருமுறை காலாவதியாக வேண்டும். உரிமம் இல்லாத தளத்துக்கு, தடுப்பாட்டம் சொன்ன வழிதான்: வங்கியிடம் போக வேண்டும்.

பெயர்வேண்டாம்

சார், அந்த ஒப்பந்த வரியில 'நஷ்டத்தில் பங்கு'ன்னு மட்டும் எழுதினா 'டெபாசிட்டில் பங்கு'ன்னு மாத்திப்பாங்க. 'கட்டும் தொகை, டெபாசிட், நஷ்டம், இவற்றில் எதைச் சார்ந்த ஊதியமும்'னு எழுதுங்க.